டிவிடி கணினியில் ஓடவில்லையா? தூக்கி எறியும் முன் பார்க்க வேண்டியவை

நம் வீடுகளில் பழைய சிடி, டிவிடி சிலவாவது இல்லாத அலமாரி குறைவு. நிக்காஹ் வீடியோ, பிள்ளைகளின் மதரஸா ஆண்டு விழா, வளைகுடாவிலிருந்து உறவினர் வாங்கி வந்த குழந்தைகள் படம், பயான் தொகுப்பு என்று அவை பலவகை. கணினியில் போட்டதும் ஓடாவிட்டால், "சிடி போய்விட்டது" என்று முடிவு கட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறோம். ஆனால் பல வேளைகளில் குறை தகட்டில் இருப்பதில்லை. மென்பொருளிலோ டிரைவிலோ இருக்கிறது.

கடையில் வாங்கிய படம் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். மறைந்த வாப்பாவும் பாட்டியும் நடமாடிப் பேசும் நிக்காஹ் தகட்டுக்கு மாற்றுப் பிரதி எங்கே கிடைக்கும்? ஆகவே குறை எங்கே என்று முறையாகப் பிரித்தறிவது அவசியம்.

முதலில் மூன்று சோதனைகள்

1. வேறொரு நல்ல தகட்டைப் போட்டுப் பாருங்கள். டிவிடி ஓடவில்லையென்றால் இன்னொரு டிவிடியைத்தான் போட வேண்டும், சிடியை அல்ல. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசரும், டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் லேசரும் பயன்படுகின்றன. ஒன்று பழுதாகி மற்றது வேலை செய்வதுண்டு.

2. 'திஸ் பிசி'யில் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'ஓப்பன்' கொடுங்கள். டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரும், அதனுள் 'விஓபி' என முடியும் ஃபைல்களும் தெரியும். வீடியோ சிடி என்றால் 'எம்பெக் ஏவி' ஃபோல்டரில் 'டிஏடி' என முடியும் ஃபைல்கள் இருக்கும். இவை தெரிந்தால் டிரைவ் தகட்டைப் படிக்கிறது என்று பொருள். குறை பெரும்பாலும் மென்பொருளில்தான்.

3. அதே தகட்டை வேறொரு கணினியிலோ டிவிடி பிளேயரிலோ போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் தகடு நன்றாக இருக்கிறது.

மென்பொருள் குறை

"பழைய கணினியில் ஓடியது, புதியதில் ஓடவில்லை" என்போர் பலர். காரணம் எளிது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸ் மீடியா பிளேயரிலிருந்து டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலும் அது இல்லை. தனியாக ஒரு பிளேயர் வேண்டும்.

விஎல்சி பிளேயர் இலவசமானது. டிவிடி, வீடியோ சிடி இரண்டையும் ஓட்டும். அதை வெளியிடும் வீடியோலேன் அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். "கோடெக் பேக் இல்லை, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் விளம்பரங்களைத் தொட வேண்டாம். வைரஸ் வந்து சேரும் வழிகளில் அதுவும் ஒன்று.

விஎல்சியில் 'மீடியா' மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' என்பதைத் தேர்ந்து, டிவிடியா வீடியோ சிடியா என்று குறிப்பிட்டு 'பிளே' கொடுங்கள். மெனு பக்கத்திலேயே நின்றுவிட்டால் அதே இடத்தில் 'நோ டிஸ்க் மெனுஸ்' என்பதை டிக் செய்து மீண்டும் ஓட்டுங்கள். படம் வந்து ஒலி வராவிட்டால் 'ஆடியோ டிராக்' மாற்றிப் பாருங்கள். ஆட்கள் அசையும்போது படத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால் 'வீடியோ' மெனுவில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை 'ஆன்' செய்யுங்கள்.

படத்தின் நடுவே ஒரே ஓர் இடத்தில் நொடிப்பொழுது நின்று தொடர்ந்தால் கவலை வேண்டாம். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிவிடியில், லேசர் ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்கு மாறும்போது அப்படி நிற்பது இயல்பு.

வெளிநாட்டில் வாங்கிய தகடுகள்

விற்பனைக்கு வரும் பட டிவிடிகளில் 'ரீஜியன்' எண் இருக்கலாம். இந்தியாவும் இலங்கையும் 5. சவூதி, அமீரகம் உள்ளிட்ட மத்திய கிழக்கு 2. மலேசியா, சிங்கப்பூர் 3. துபாயில் வாங்கிய டிவிடி ஊரில் ஓடாததற்கு இது காரணமாகலாம். உறையின் பின்புறம் உலக உருண்டைப் படத்துக்குள் அந்த எண் அச்சாகியிருக்கும். 'ஆல்' என்றோ 0 என்றோ இருந்தால் எங்கும் ஓடும்.

கணினி டிரைவின் ரீஜியனை 5 முறை மட்டுமே மாற்றலாம். பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே அது நிலைத்துவிடும். ஆகவே ஒரு படத்துக்காக அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். குடும்ப வீடியோத் தகடுகளுக்குப் பொதுவாக இந்தத் தடை இல்லை.

புளூ-ரே தகடு வேறு வகை. அதற்கு 405 நானோமீட்டர் லேசர் வேண்டும் என்பதால் டிவிடி டிரைவ் அதைப் படிக்கவே படிக்காது.

டிரைவ் குறை

எந்தத் தகட்டையும் படிக்காவிட்டாலோ, டிரைவே கணினியில் தெரியாவிட்டாலோ 'டிவைஸ் மேனேஜர்' திறந்து பாருங்கள். டிரைவின் பெயரருகே மஞ்சள் குறி இருந்தால் வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே அதை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்.

யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் என்றால், போதிய மின்சாரம் கிடைக்காமல் சுழன்று சுழன்று நின்றுவிடும். ஹப் வழியாக இணைக்காமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். மேசைக் கணினியில் பின்பக்க போர்ட் நல்லது. இரண்டு யுஎஸ்பி முனைகளுள்ள கேபிள் என்றால் இரண்டையும் செருக வேண்டும்.

தகட்டின் குறை

கறை, கைரேகை, தூசி ஆகியவற்றைத் துடைத்தாலே பல தகடுகள் ஓடிவிடும். மென்மையான பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவு வட்டப் பாதையில் செல்வதால், அதே திசையில் விழும் கீறல் அதிகக் கெடுதல் செய்யும். தின்னர், பெட்ரோல், பற்பசை எதுவும் வேண்டாம்.

சிடியில் பதிவு அடுக்கு மேற்பக்கத்தில், பெயர் எழுதும் பரப்பின் அடியிலேயே இருக்கிறது. அங்கே விழும் கீறலைச் சரிசெய்ய வழியில்லை. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே இருப்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு.

ஸ்டுடியோக்கள் பதிந்து தந்த தகடுகளில் பதிவு ஒரு சாயப்பூச்சில் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் அச்சாயம் கெடும். கீறலே இல்லாத நிக்காஹ் தகடு சில ஆண்டுகளில் படிக்க முடியாமல் போவதற்கு இதுவும் காரணம்.

மிக முக்கியமான எச்சரிக்கை

ஹேண்டிகேம் கேமராவிலோ டிவிடி ரெக்கார்டரிலோ பதிந்த தகடு, இறுதியில் 'ஃபைனலைஸ்' செய்யப்படாமல் விடப்பட்டிருந்தால், கணினி அதை வெற்றுத் தகடு என்று எண்ணிக்கொள்ளும். "இந்தத் தகட்டை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்கும். அங்கே எதற்கும் சம்மதம் கொடுக்காமல் மூடிவிடுங்கள். ஃபார்மேட் செய்தால் பதிவு அழியக்கூடும். பதிந்த அதே கருவி இருந்தால் அதில் ஃபைனலைஸ் செய்யலாம். இல்லையென்றால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேமராவின் 8 செ.மீ. சிறிய தகட்டை, தட்டில்லாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரைவில் போடாதீர்கள்; சிக்கிக்கொள்ளும்.

ஓடியதும் செய்ய வேண்டியது

ஒருமுறை ஓடிவிட்டால், படம் பார்த்து முடித்து எடுத்து வைத்துவிடுவதுதான் வழக்கம். அன்றே நகலெடுப்பதுதான் சரி. 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரை முழுமையாகக் கணினியில் காப்பி செய்யுங்கள். ஒரு ஃபைலில் தடைப்பட்டால் மற்றவற்றைத் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொரு விஓபி ஃபைலும் ஏறத்தாழ 1 ஜிபிக்குள் இருக்கும் என்பதால், ஒன்று போனாலும் மீதிப் பகுதிகள் கிடைக்கும். மிகவும் கெட்டுப்போன தகட்டுக்கு லினக்ஸில் 'டிடிரெஸ்கியூ' உண்டு. அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

இது நம் குடும்பப் பதிவுகளுக்கான வழி. விற்பனைக்கு வந்த படங்கள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றின் உரிமை பிறருடையது, அதை மதிக்க வேண்டும்.

நகலை இரண்டு இடங்களில் வையுங்கள்: ஒன்று கணினியில், மற்றது வெளி ஹார்ட் டிஸ்கில். நகல் முழுவதும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகும் அசல் தகட்டை எறிய வேண்டாம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிரைவே வருவதில்லை. வீட்டில் டிரைவுள்ள கணினி இருக்கும்போதே, வேறெங்கும் கிடைக்காத தகடுகளை முதலில் எடுங்கள். வீடியோவில் இருப்பவர் யார் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் உடனிருக்கும்போது ஓட்டி, பெயர்களையும் ஆண்டையும் எழுதி அதே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள்.