பழங்கட்டடக் கலைக்கூடங்கள் (டெல்லி)

வேறு தேவைக்காகக் கட்டப்பட்டு, பின்னாளில் கலைக்கூடமாகவோ கலைஞர் பட்டறையாகவோ மாற்றப்பட்ட டெல்லிக் கட்டடங்கள். இவற்றுள் முதன்மையானது இந்தியா கேட் அருகிலுள்ள ஜெய்ப்பூர் ஹவுஸ். 1954 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இங்கு இயங்குகிறது.

தலைநகர் கல்கத்தாவிலிருந்து மாறும் என்று 1911-இல் அறிவிக்கப்பட்டபின் ரைசினா, மால்ச்சா முதலிய ஊர்களின் விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. அந்நிலத்தில் புது டெல்லி எழுந்தது. சமஸ்தான மன்னர்கள் அங்கே மாளிகை கட்டிக்கொண்டனர்.

ஜெய்ப்பூர் மன்னரின் மாளிகை 1936-இல் கட்டப்பட்டது. நடுவே குவிமாடம், இருபுறமும் விரியும் சிறகுகள் என அதன் அமைப்பு வண்ணத்துப்பூச்சியை ஒத்தது. வடிவமைத்தவர் சர் ஆர்தர் புளோம்ஃபீல்டு என்று பல குறிப்புகள் கூறும். அப்பெயருடைய புகழ்பெற்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1899-இலேயே காலமாகிவிட்டார். சார்லஸ், பிரான்சிஸ் புளோம்ஃபீல்டு ஆகியோரின் பணி என்பது மற்றொரு கருத்து. இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நாட்டுக்கென ஒரு கலைக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் 1949-இல் உருப்பெற்றது. பரோடா அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த ஜெர்மானியக் கலை வரலாற்றறிஞர் ஹெர்மன் கோட்ஸ் இதன் முதல் காப்பாட்சியர் ஆனார். 1954 மார்ச் 29 அன்று, நேரு முன்னிலையில் குடியரசுத் துணைத்தலைவர் எஸ். ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அம்ரிதா ஷெர்கில், ரவீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ், ஜாமினி ராய் முதலியோரின் ஏறத்தாழ 200 படைப்புகளே தொடக்கச் சேகரிப்பு. தென்னிந்தியப் பயணத்துக்குப்பின் ஷெர்கில் 1937-இல் தீட்டிய ‘பிரம்மச்சாரிகள்’ இங்குள்ளது: வெற்று மேனியில் பூணூலும் வெள்ளை வேட்டியுமாக அமர்ந்திருக்கும் ஐவர், பின்னால் செம்மண் நிறம். இந்த ஓர் ஓவியத்துக்காகவே வந்துபோகலாம்.

திறப்பு விழாவில் நடந்தது சிற்பக் கண்காட்சி. ராம்கிங்கர் பைஜ், சங்கோ சௌத்ரி, தன்ராஜ் பகத் ஆகியோருடன், சென்னைக் கலைப் பள்ளி முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் பங்கேற்றார். பாறையை நெம்பும் நால்வரைக் காட்டும் அவரது உழைப்பாளர் சிலை 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்டது; அதன் இன்னொரு வார்ப்பு ஜெய்ப்பூர் ஹவுஸ் வளாகத்தில் நிற்கிறது. பள்ளியின் காவலாளி ஒருவரே நால்வரில் ஒருவருக்கு மாதிரியாக நின்றார் என்பர்.

சேகரிப்பு பெருகப் பெருக மாளிகை போதவில்லை. காட்சியிடத்தை ஏறத்தாழ ஆறு மடங்கு கூட்டிய புதிய பகுதி 2009-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பெங்களூரிலும் மாணிக்கவேலு மாளிகை இதன் கிளையாயிற்று.

கிராமக் கட்டடம் ஒன்று கலைக்குப் பயன்பட்டதற்குக் கிழக்குக் கைலாஷ் பகுதியிலுள்ள கடி எடுத்துக்காட்டு. மதில் சூழ்ந்த இப்பழங்கட்டடம் வேட்டை மாளிகையாக இருந்தது என்பர். காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 1976-இல் லலித் கலா அகாதமி இங்கு ஓவியம், சிற்பம், சுடுமண் கலை, அச்சுக்கலைக்கான பட்டறைகளை நிறுவியது.

சமஸ்தான மாளிகைகளுள் மற்றொன்றான பிகானேர் ஹவுஸ் 2015-இல் பண்பாட்டு மையமானது. செங்கோட்டையில் 1857-க்குப்பின் ஆங்கிலேயர் கட்டிய படைவீரர் குடியிருப்புகள் சில 2019 ஜனவரியில் அருங்காட்சியகங்களாகத் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் ஓவியக் காட்சி இடம்பெற்றது.