கோடாலிக்கருப்பூர்ச் சேலையும் சாயம் நிற்கும் முறையும்

ஒருவரின் பொய் வெளிப்பட்டால் "சாயம் வெளுத்துவிட்டது" என்கிறோம். துவைத்தால் துணி நிறம் இழக்கும் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த வழக்கு இது. ஆனால் எல்லாச் சாயமும் வெளுப்பதில்லை. அதற்குச் சான்று அரியலூர் மாவட்டத்திலேயே உள்ளது.

சேலையின் வரலாறு

செந்துறைக்கு அடுத்த உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடக் கரைப் பகுதியில் உள்ள ஊர் கோடாலிக்கருப்பூர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தினருக்காக இங்கு தனிச்சிறப்புள்ள சேலைகள் உருவாயின. பருத்தியோடு சரிகையை ஊடாக நெய்து, மெழுகால் கோலமிட்டு, சிவப்பு, கருப்புச் சாயங்கள் ஏற்றினர். சாயத்தின் ஊடே சரிகை மின்னும்.

சாயம் நின்றது எப்படி?

சோழமண்டலக் கரையின் கலம்காரி முறையில், துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்ப்பர். பிறகு சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டுவர். நாரில் ஒட்டாத படிகாரம் நீங்குமாறு ஓடும் நீரில் அலசி, சாயவேர் (இம்பூறல்) இட்ட நீரில் கொதிக்க வைப்பர்.

சாயவேரில் உள்ள அலிசரின் என்னும் நிறமி பருத்தியில் தானாக நிலைக்காது. படிகாரத்தின் அலுமினியத்தோடு சேரும்போது, நீரில் கரையாத சிவப்புப் பொருளாக மாறி நாரில் தங்கிவிடும். இப்படிச் சாயத்தை நாரோடு பிணைக்கும் பொருளை நிறமூன்றி என்பர். கருப்பு நிறத்துக்கு இரும்புக் கரைசல் இதே வேலையைச் செய்தது. இம்முறையில் சலவை சாயத்துக்குப் பகையன்று. சாயமேற்றுதலில் ஒரு படி.

மறைவும் மாற்றமும்

1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. சேலைகளை வாங்கி ஆதரித்த அரண்மனை இல்லாமற்போனது. 1868-இல் ஜெர்மானியரான கிரேபே, லீபர்மான் ஆகியோர் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். சில ஆண்டுகளில் அது ஆலைப் பொருளாகி, சாயவேரின் சந்தையைப் பறித்தது.

1884-இல் வந்த காங்கோ சிவப்பு, நிறமூன்றி இல்லாமலே பருத்தியில் ஏறியது. வேலை எளிதாயிற்று, ஆனால் நாரோடு அதன் பிணைப்பு வலுவற்றது. இத்தகைய நேரடிச் சாயங்களை வெந்நீரும் சோப்பும் எளிதில் கழற்றிவிடும். துவைக்கும்போது உராய்வில் மேற்பரப்பு இழைகள் சிதைவதால் நிறம் மேலும் மங்கும். 1956-இல் விற்பனைக்கு வந்த வினைபுரி சாயங்கள், நாரோடு வேதிப்பிணைப்பை ஏற்படுத்தி இக்குறையைப் பெரிதும் தீர்த்தன. இவற்றிலும் பிணைப்புறாத மிச்சச் சாயம் முதல் சில சலவைகளில் வெளியேறும். புதுத்துணியைத் தனியே, குளிர்ந்த நீரில் அலசச் சொல்வது இதனால்தான்.

இன்றைய நிலை

கருப்பூர்ச் சேலைத் துண்டுகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உள்ளன. கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் தீட்டும் கலை அவ்வகையில் தொடர்கிறது. சரிகை நெசவும் மெழுகுக் கோலமும் சாயவேரும் ஒன்றாகச் சேர்ந்த சேலைத்தொழிலோ ஆதரிப்பார் இன்றி மறைந்தது.