அப்பம்மாவின் போனில் பிள்ளை பார்ப்பது

மே 18 காலை. வேலணையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அண்ணாவின் மகள் அப்பம்மாவின் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவதற்காக மற்ற எல்லோரும் அடுப்படியில் நின்றோம்.

"சித்தப்பா, இந்த ஆக்கள் ஏன் மணலிலை கிடக்கினம்?" என்று கேட்டுக்கொண்டு போனோடு வந்தாள். 2009இல் எடுத்த படம். அன்று விடியக் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அதை அனுப்பியவன் நான்தான்.

பிள்ளைகளும் இணையமும் என்றவுடன் ஆபாசப் படங்களைத்தான் நினைக்கிறோம். அதற்கும் வருகிறேன். ஆனால் எங்கள் வீடுகளில் இன்னொன்று இருக்கிறது: எங்கள் சொந்தச் சாவுகளின் படங்கள். அவற்றை அனுப்புகிறவர்கள் அந்நியர் அல்ல. மாமா, சித்தி, கனடாவில் இருக்கும் பெரியப்பா.

'இலங்கையின் கொலைக்களங்கள்' ஆவணப்படத்தைப் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2011 ஜூன் 14 அன்று ஒளிபரப்பியது. இரவு 11 மணிக்குப் பிறகுதான் காட்டினார்கள். சிறுவருக்குப் பொருந்தாதவற்றை இரவு 9 மணிக்கு முன் ஒளிபரப்பக்கூடாது என்பது அந்த நாட்டு விதி. இவர்கள் அதையும் தாண்டி நேரத்தைப் பின்தள்ளினார்கள். அதே காட்சிகள் இன்று துண்டு துண்டாக, சோகப் பாட்டும் சேர்த்து, காலைச் சாப்பாட்டு நேரத்தில் தானாக ஓடுகின்றன.

பிள்ளைகளுக்கு மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுக்கவேண்டாம். 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியில் கொல்லப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த வழியால்தான் எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வருகிறார்கள். தெரியாமல் வளர்க்கவும் முடியாது, வளர்க்கவும் கூடாது. ஆனால் எப்படித் தெரியவேண்டும்? 1995 ஒக்ரோபர் இறுதியில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கதையை அம்மா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறா. அப்போது எனக்கு மூன்று வயது, தோளில் இருந்தேனாம். கேட்டுக்கொண்டிருக்கும்போது என் முகம் மாறினால் நிறுத்திவிடுவா. மிச்சம் அடுத்த வருடம் வரும். போன் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்ப்பதில்லை.

அன்று பெறாமகளுக்கு நான் சொன்னது, "அவை சண்டையிலை செத்துப்போன எங்கடை ஆக்கள், அவைக்காகத்தான் இண்டைக்குக் கஞ்சி" என்பது மட்டும்தான். பிறகு போனை வாங்கிச் சில வேலைகள் செய்தேன். வட்ஸ்அப் செற்றிங்ஸில் படங்களும் காணொளிகளும் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தினேன். வந்த படங்கள் கலரியில் தெரிவதையும் நிறுத்தினேன். முகநூலில் காணொளி தானாக ஓடுவதை நிறுத்தவும் ஒரு தெரிவு இருக்கிறது. யாரும் நினைத்தபடி எங்களைக் குழுக்களில் சேர்க்காமல், 'எனது தொடர்புகள்' மட்டும் சேர்க்கலாம் என்று மாற்றலாம். எல்லாமாகப் பத்து நிமிடம் போதும். அத்தகைய படங்களை நான் இப்போது அந்தக் குழுவுக்கு அனுப்புவதே இல்லை.

இனி மற்ற விடயம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பு வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் வந்தது. பிள்ளைக்குப் போன் கொடுக்காதவர்களும் கொடுத்தார்கள். பாடசாலை திறந்த பிறகு அதைத் திரும்ப வாங்க முடிந்த வீடு எத்தனை என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் முடியவில்லை. இதில் பெரிய ஓட்டை போனில் இல்லை, கணக்கில் இருக்கிறது. பிரான்ஸில் இருந்து வந்த போனுக்குப் பெரியவர் ஒருவரின் பிறந்த ஆண்டைப் போட்டுக் கூகுள் கணக்குத் திறந்து பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். கூகுளுக்கும் யூரியூப்புக்கும் அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயது. சிறுவருக்கான எந்தத் தடையும் அங்கே வேலை செய்யாது.

பிள்ளையின் உண்மையான பிறந்த திகதியோடு தனிக் கணக்குத் திறந்து, அதைப் பெற்றோரின் போனில் உள்ள 'பமிலி லிங்க்' என்ற செயலியோடு இணைக்கலாம். இலவசம். புதிய செயலி இறக்கப் பிள்ளை உங்களிடம் அனுமதி கேட்கவேண்டும். இரவு எத்தனை மணிக்குப் போன் பூட்டவேண்டும் என்பதையும் நீங்களே வைக்கலாம். (இதைச் செய்யும்போது அண்ணியின் கடவுச்சொல்லைப் பிள்ளைதான் சொல்லிக்கொடுத்தாள். முதலில் அதை மாற்றுங்கள்.) ஆனால் தமிழ்த் தலைப்போடு வரும் கீழ்த்தரமான காணொளிகளை இந்த வடிகட்டிகள் பல வேளை தவறவிடுவதை நானே கண்டிருக்கிறேன். ஆகவே போன் பாவனை விறாந்தையில்தான், அறைக்குள் இல்லை என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

அவுஸ்திரேலியா 2025 டிசெம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. இங்கே 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அதில் சிறுவர் பற்றிய பிரிவும் உண்டு. ஆனால் பேச்சுச் சுதந்திரத்தில் கைவைக்கும் சட்டம் என்ற எதிர்ப்புத்தான் பெரிதாக எழுந்தது. எங்கள் அனுபவத்தில் அந்தப் பயம் நியாயமானது. சிறுவரைப் பாதுகாக்க அதற்கு முன்னரே சட்டம் இருந்தது. சிறுவரின் ஆபாசப் படத்தை எடுப்பதும் பகிர்வதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி 1995 முதல் குற்றம். 2006 திருத்தம், கணினிச் சேவை வழங்குவோர் தமது இடம் சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்கிறது. அப்படியிருந்தும் 2021இல் கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இணையத்தளங்களில் விளம்பரம் செய்து விற்கப்பட்டாள். அந்த வழக்கில் 30 பேருக்கு மேல் கைதானார்கள்.

பிள்ளையின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது பிள்ளைக்கு அடிப்பது, அடுத்தது எல்லாவற்றையும் அழிப்பது. இரண்டும் மிரட்டுகிறவனுக்குத்தான் உதவி. காசு கொடுத்தால் மறுபடி கேட்பான். செய்திகள், இலக்கம், கணக்கின் பெயர் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு அவனைத் தடைசெய்யுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் சாட்சிக்கென்று வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்காக 2023இல் தொடங்கப்பட்டது. அங்கே படத்தை ஏற்றத் தேவையில்லை; உங்கள் போனிலேயே படத்துக்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகும், அதை வைத்து முகநூல், இன்ஸ்டகிராம் போன்றவை அந்தப் படத்தைத் தேடி நீக்கும்.

பொலிஸுக்குப் போகப் பயம் என்றால், அது எங்களுக்குக் காரணமில்லாமல் வந்த பயமல்ல. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடம் முதலில் பேசலாம். பொலிஸுக்குப் போனால் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தைக் கேளுங்கள், வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படியும் கேளுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, அழைப்புக்குக் கட்டணமில்லை. அப்பம்மாவின் போன் உறைக்குள் அதை எழுதி வைத்திருக்கிறோம்.