பிராய்டின் சுருட்டும் புதன்கிழமை மாலைகளும்

வியன்னா நகரின் பெர்க்காசெத் தெருவில், 19ஆம் எண் வீட்டில், 1902ஆம் ஆண்டின் இலையுதிர்காலந் தொட்டுப் புதன்கிழமைதோறும் ஒரு சிறு குழு கூடிவந்தது. மருத்துவர் சிக்மண்ட் பிராய்டின் நோயாளிகள் காத்திருக்கும் அறையே அவர்களுடைய மன்றம். தொடக்கத்தில் அழைக்கப்பெற்றவர் நால்வர். ஆல்பிரட் அட்லர் அவருள் ஒருவர். ஒருவர் கட்டுரை படிப்பார். பின்னர்க் கருங்காப்பியும் இனிப்புப் பணியாரமும் வரும். மேசைமீது சுருட்டுகளும் வெண்சுருட்டுகளும் பரப்பப்பட்டிருக்கும். கால்மணி நேரம் அளவளாவிய பின்னரே விவாதம் தொடங்கும். யார் முதலில் பேசுவது என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்தனர். இறுதிச் சொல் மட்டும் பிராய்டுக்கே உரியது. கூட்டம் கலைந்தபின் அவ்வறையை எட்டிப் பார்த்த அவர் மகன் மார்ட்டின், இத்துணைப் புகைக்குள் மனிதர் எங்ஙனம் நெடுநேரம் உயிரோடிருந்தனர் என வியந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார்.

பிராய்டை நான் அறிந்தது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். விரிவுரையாளர் அரைமணி நேரத்தில் அவரை முடித்துவிட்டு அடுத்த அறிஞருக்குத் தாவினார். ஆயினும் ஒரு கருத்து நெஞ்சில் தைத்தது: மறதிக்கும் நாப்பிறழ்வுக்கும் செய்தவரே அறியாத காரணம் உண்டு என்பது. முதன்முதல் பணியாற்றிய தோட்டப் பள்ளியில், தந்தை பெயர் எழுதவேண்டிய இடத்தை எப்போதும் வெற்றிடமாகவே விடும் மாணவன் ஒருவன் இருந்தான். மறந்துவிட்டேன் என்பான். பிராய்டைப் படித்திராவிடில் பிரம்பெடுத்திருப்பேன். படித்திருந்ததால் அவன் பாட்டியைப் போய்க் கண்டேன். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்று அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அன்று முதல் அம்மருத்துவருக்கு நான் கடன்பட்டவன்.

கல்லூரி நாளில் வேறொன்றும் கற்றேன். சனிக்கிழமை மாலைகளில் தேநீர்க்கடை ஓரம் நண்பர் நால்வர் கூடுவோம், ஆளுக்கொரு வெண்சுருட்டு. ஒருவன் கொளுத்திய தீக்குச்சியிலேயே மற்றவர் குனிந்து பற்றவைப்போம். புகையை இழுக்கும் அந்த நொடிகளில் பேசாதிருக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. எதிராளி சொன்னது உள்ளே இறங்குவதும் அப்போதுதான். இன்றும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, இலக்கியக் கூட்டம் முடிந்தபின், பழைய நண்பரோடு ஒன்று புகைப்பதுண்டு. பள்ளி வளாகத்தில் ஒருபோதும் இல்லை. ஒன்றாயினும் தீங்கே என்பதை அறியாமலும் இல்லை. இந்நாட்டில் 2019 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்ததால், இரு முதியவர்கள் மூன்று மீட்டர் தள்ளித் தெருவோரம் நிற்கிறோம்.

பிராய்டுக்கு அது எப்போதோ ஒருமுறை வரும் இன்பம் அன்று. இருபத்து நான்கு வயதில் தொடங்கியவர், நாளொன்றுக்கு 20 சுருட்டுகள்வரை புகைத்தார். 1890களில் இதயத்துடிப்பு தடுமாறியபோது, பெர்லின் மருத்துவ நண்பர் பிளீஸ் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார், துயருற்றார், மீண்டும் தொடங்கினார். தம்பியின் பதினேழு வயது மகன் வெண்சுருட்டை மறுத்தபோது, இத்துணை மலிவான பேரின்பத்தை இழக்கிறாயே என்று இரங்கினாராம். காரணம் அறியாதவரா அவர்? புகையிலை முன்னைய வேட்கை ஒன்றின் மாற்று என்று 1897இல் பிளீசுக்கு எழுதியவர் அவரே. குழந்தையின் இதழ்வழி இன்பமே வளர்ந்தபின் குடிக்கும் புகைக்கும் தூண்டுகிறது என 1905இல் நூலில் விளக்கியவரும் அவரே. மறைந்துகிடக்கும் காரணத்தை அறிந்தால் மனிதன் விடுபடுவான் என்பது அவர் மருத்துவத்தின் அடித்தளம். அவருடைய விரலிடுக்கிலேயே அதற்கு மறுப்பு புகைந்துகொண்டிருந்தது. சில வேளை சுருட்டு வெறும் சுருட்டே என்று அவர் சொன்னதாகப் பலரும் மேடையில் முழங்குவர். அதற்குச் சான்று கிடையாது.

சுருட்டாவது அவர் உடலோடு போயிற்று. 'டோரா' என அவர் பெயரிட்டு எழுதிய பெண்ணின் வழக்கு அத்தகையதன்று. 1900ஆம் ஆண்டின் இறுதியில் தந்தையால் அழைத்து வரப்பட்டபோது அவளுக்கு ஏறத்தாழ பதினெட்டு வயது. தந்தையின் நண்பர் தன்னிடம் முறைகேடாக நடந்ததாக அவள் சொன்னாள். வீட்டார் கற்பனை என்றனர். பிராய்டு நம்பினார். நம்பியும் என்ன பயன்? பதினான்கு வயதில் அம்மனிதர் திடுமென அணைத்து முத்தமிட்டபோது அவள் அருவருத்து ஓடியதை நோயின் அறிகுறி என்றார். உள்ளூர அவரை விரும்பினாய் என்று அவளிடமே வாதிட்டார். பதினொரு வாரங்களில் அவள் எழுந்து போய்விட்டாள். குழந்தைகளின் சொல்லைக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர் எவரும் அப்பக்கங்களைச் சினமின்றிப் படிக்க இயலாது. புதன்கிழமை நண்பர்களிலும், மாறுபட்டுச் சிந்தித்த அட்லர் 1911இல் வெளியேற நேர்ந்தது. சீட்டெடுத்துப் பேசும் உரிமை அளித்தவர்க்கு இறுதிச் சொல்லை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

எனினும் டோராவின் வழக்கை நாம் எங்கிருந்து அறிந்தோம்? 1905இல் பிராய்டே அச்சிட்ட பக்கங்களிலிருந்துதான். சிகிச்சை இடையில் முறிந்ததையும், தாம் எதைக் கவனிக்கத் தவறினார் என்பதையும் அவரே எழுதிவைத்தார். தவறியது அது மட்டுமன்று என்பது பின்வந்தோர் கண்டது.

1923இல் அவர் வாயினுள் கட்டி தோன்றியது, புற்றுநோய். அடுத்த பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள். அகற்றிய மேல்தாடைக்கு ஈடாக ஒரு செயற்கைத் தாடை. பேசுவதும் உண்பதும் வேதனை. அறிவு மங்குமென்று வலுவான வலிநீக்கி மருந்துகளைப் பெரும்பாலும் மறுத்தார், சுருட்டை மறுக்கவில்லை. அந்நிலையிலேயே நாகரிகத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதி 1930இல் வெளியிட்டார். நாஜிகள் வியன்னாவைக் கைப்பற்றியபின் 1938 ஜூனில் இலண்டனுக்குப் புறப்பட்டு, 1939 செப்டம்பர் 23இல் அங்கே மறைந்தார்.

சென்ற முறை தெருவோரம் நின்றபோது நண்பர் கேட்டார்: "தலைமையாசிரியரே, டோரா உம் பள்ளி மாணவியாய் இருந்திருந்தால், அந்த மருத்துவரை வாசற்படி மிதிக்க விட்டிருப்பீரா?" அப்போதுதான் புகையை இழுத்திருந்தேன். "விட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லச் சிறிது நேரமாயிற்று. அவர் விடவில்லை: "அப்படியானால், தந்தை பெயர் எழுதாத அந்தப் பையன்?" நண்பரிடம் இன்னொரு தீக்குச்சி கேட்டேன்.