மைசூரிலிருந்து புறப்பட்டவர்கள்

மைசூரிலிருந்து தெற்கே செல்லப் புறப்படுகிறவர் நஞ்சன்கூட்டில் கபினியைக் கடக்க வேண்டும். பெங்களூரை நோக்கிச் செல்கிறவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடக்க வேண்டும். இவ்விரண்டு இடங்களிலும் பழைய பாலங்கள் இன்னும் நிற்கின்றன. நஞ்சன்கூட்டுப் பாலம் 1735-இல் தளவாய் தேவராஜர் காலத்தில் கட்டப்பட்டு, பின்னாளில் ரயில் தண்டவாளத்தையும் தன் முதுகில் தாங்கியது. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலத்தைத் திவான் பூர்ணையா 1804-இல் கட்டி முடித்து, அக்காலத்துக் கவர்னர் ஜெனரலான வெல்லெஸ்லியின் பெயரை அதற்குச் சூட்டினார். படைகளும் பாரவண்டிகளும் நஞ்சன்கூட்டுக் கோயிலில் ஸ்ரீகண்டேசுவரரைத் தரிசிக்க வந்த பக்தர்களும் கடந்துசென்ற பாதைகள் இவை. நாட்டைப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை ஒன்றையே காரணமாகச் சொல்லிப் புறப்பட்ட சாமானியர் அந்தக் கூட்டத்தில் அரிதாகவே இருந்திருப்பர்.

நெடும்பயணம் என்பது நம் முன்னோருக்குப் பெரும்பாலும் காசி யாத்திரையே. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதத்தில் பல்லக்கும் பரிவாரமுமாக, சுமார் நூறு பேருடன் காசிக்குப் புறப்பட்டு, வழியில் கண்ட ஊர்களையும் ஆறுகளையும் சத்திரங்களையும் நாள்தோறும் தெலுங்கில் குறித்துக்கொண்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். அத்தகைய பிரயாணத்துக்குப் பணமும், ஆள்பலமும், மேலதிகாரியிடம் பெற்ற நீண்ட விடுப்பும் தேவைப்பட்டன. அவை இல்லாதவர்கள் கால்நடையாகச் சென்றார்கள். திரும்புவோமா என்ற நிச்சயமின்றி, கொடுக்கல் வாங்கல்களைத் தீர்த்துவிட்டுச் சென்றார்கள். 1882-இல் பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரயில் வந்தபின் தூரம் சுருங்கியது உண்மைதான். ஆனால் ரயில் தான் போகும் இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டுபோகும். நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்த நேரத்தில் புறப்படும் சுதந்திரத்தை அது தரவில்லை.

அந்தச் சுதந்திரம் சம்பளக்காரரின் கைக்கு எட்டியதில் மைசூருக்கே ஒரு பெரிய பங்கு உண்டு. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து பம்பாய்க்கு வந்திறங்கிக்கொண்டிருந்த ஜாவா மோட்டார் சைக்கிள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், அவற்றை இங்கேயே செய்துவிடலாம் என்று துணிந்த இரானி குடும்பத்தார் 1960-இல் ஐடியல் ஜாவா நிறுவனத்தைத் தொடங்கி, தொழிற்சாலைக்கு மைசூரின் யாதவகிரியைத் தேர்ந்தெடுத்தார்கள். சமஸ்தானத்தின் கடைசி மகாராஜாவும் அப்போது மாநில ஆளுநருமாயிருந்த ஜயசாமராஜேந்திர உடையார் அதைத் திறந்துவைத்தார். நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் வீடு கட்டிக் குடியிருந்ததும் அதே யாதவகிரிதான். திவான் மிர்ஸா இஸ்மாயிலின் விருப்பப்படி சமஸ்தானம் முழுவதும் சுற்றி 1939-இல் ஒரு பயண நூல் எழுதியவர் அவர். ஊர் சுற்றிய எழுத்தாளரும், ஊர் சுற்றுவதற்கான வாகனமும் ஒரே பேட்டையில் அமைந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

250 சி.சி. ஜாவாவும், 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வந்த அதன் வழித்தோன்றல்களும் அலங்காரத்தால் அல்ல, அமைப்பின் எளிமையால் அன்பைச் சம்பாதித்தவை. அவற்றில் உதைத்துக் கிளப்புவதற்கு ஒரு நெம்புகோல், கியர் மாற்றுவதற்கு ஒரு நெம்புகோல் என்று இரண்டு கிடையாது. ஒரே நெம்புகோலைப் பின்னால் திருப்பி உதைத்தால் வண்டி கிளம்பும். முன்னால் தள்ளி விட்டால் அதுவே கியராகிவிடும். ஒரே சிலிண்டரிலிருந்து இருபுறமும் இரண்டு புகைக்குழாய்கள் நீண்டிருக்கும். டூ ஸ்ட்ரோக் இயந்திரமாகையால் பெட்ரோலுடன் எண்ணெயையும் அளந்து கலக்க வேண்டும். இயந்திரத்துக்கு மசகு கிடைப்பதே அந்தக் கலவையினால்தான். ஆகவே நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முற்றிலும் மூடிவிட்டு இறங்கினால் பிஸ்டன் வறண்டு இறுகிவிடும் அபாயம் உண்டு. ஊட்டியிலிருந்து 36 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கல்லட்டி மலைப்பாதையில் இறங்குகிறவர் அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றே திருகிக் கொடுப்பது இதற்காகவே. வண்டியின் சுபாவத்தை அறிந்து, அதன் குரலைக் காதால் கேட்டுக்கொண்டே ஓட்டும் இந்தப் பழக்கத்தைப் பிரயாணக் கலையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் புகைக்கு விதிகள் இறுகின, மைலேஜைக் கணக்குப் பார்க்கும் காலமும் வந்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. பழைய வண்டிகளை இன்றும் பேணி, கூட்டமாக நெடுவழி செல்லும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குண்டல்பேட்டை வழியாக ஊட்டிக்குப் போவதானால் பந்திப்பூர்க் காட்டைப் பகலில் கடந்தாக வேண்டும். 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை அச்சாலை மூடப்படுகிறது. மகாராஜாக்களின் வேட்டைக்காடாக இருந்த அவ்விடத்தில் இப்போது வேங்கைக்கும் யானைக்கும் இரவேனும் சொந்தமாயிருப்பது நியாயமே.

இவ்வளவு பாலங்களும் ரயிலும் வாகனங்களும் வந்த பிறகும் புறப்பட முடியாமலே இருந்தவர்கள் உண்டு என்பதை, மைசூரைச் சேர்ந்த ஒரு தாயின் கதையே எனக்கு உணர்த்தியது. கூட்டுக் குடும்பத்தின் சமையலறையில் ஆயுளில் பெரும் பகுதியைக் கழித்த அவர், எந்தெந்த ஊர்களைப் பார்த்திருக்கிறீர்கள் என்று மகன் கேட்டபோது, பேலூர், ஹளேபீடு கோயில்களைக்கூடப் பார்த்ததில்லை என்றாராம். அவை மைசூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரந்தான். விடியற்காலையில் பஸ் ஏறினால் தரிசனம் முடித்து இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் காலைப் பலகாரம், மதியச் சமையல், மாலைக் காப்பி, இரவுச் சாப்பாடு என்று அடுப்பு அணையாத ஒரு வீட்டில், அந்த ஒரு நாளை அவருக்கு யார் கொடுப்பார்கள்? அவரைத் தடுத்தது தூரமோ வறுமையோ அன்று; அந்த ஒரு நாள்தான். வீராசாமிக்குக் கிடைத்த விடுப்பு நம் வீடுகளின் தாய்மாருக்குக் கிடைத்ததில்லை. பிரயாணத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் போனவர்களைப் பற்றியே எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டிலேயே நின்றுவிட்டவர்களையும் அதில் சேர்த்தாக வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

அந்த மகன் பெங்களூரில் பார்த்துவந்த உத்தியோகத்தை விட்டார். காலஞ்சென்ற தந்தை வாங்கித் தந்திருந்த பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் தாயைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, 2018 ஜனவரியில் மைசூரிலிருந்து புறப்பட்டார். தந்தையும் தங்களுடன் வருவதாகவே அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். பாரதத்தின் திசைகளனைத்தும் சுற்றி, நேபாளம், பூட்டான், மியான்மர் ஆகிய தேசங்களையும் அந்த ஸ்கூட்டரிலேயே கண்டு, கொரோனா ஊரடங்கில் பூட்டான் எல்லையில் பல வாரங்கள் தங்கி, 56,000 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து, 2020-இல் மைசூர் திரும்பினார்கள். சில காலம் கழித்து, அதே ஸ்கூட்டரில் தாயும் மகனும் மீண்டும் புறப்பட்டார்கள்.