முழுமை நோக்கின் வரலாறு: சுரங்கம் முதல் சிறைச்சாலை வரை

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழில் 1947-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று பொதுவுடைமையாயிற்று. பழைய முதலாளிகள் விலகினார்கள். யந்திரங்களும் ஏராளமாகப் புகுந்தன. ஆயினும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை என்பதோடு, ஆட்கள் வேலைக்கு வராமல் நின்றுவிடுவதும் குறையவில்லை. யந்திரத்தில் பழுதா, மனிதனிடத்தில் குற்றமா என்று அதிகாரிகள் தர்க்கித்துக்கொண்டிருக்கையில், அவ்விரண்டையும் பிரித்துக் கேட்பதே பிழை என்னும் அபிப்பிராயம் லண்டன் டாவிஸ்டாக் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எழுந்தது. 1951-இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டவர் இருவர். எரிக் டிரிஸ்ட் மனோதத்துவ அறிஞர். அவரோடு சேர்ந்து எழுதிய கென் பாம்ஃபோர்த்தோ பதினெட்டு வருஷம் சுரங்கத்தில் உழைத்தவர்; அக்கட்டுரையின் பலத்தில் பாதி இந்த அனுபவத்திலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

பழைய முறையில், வெட்டுபவனும் அவன் கூட்டாளியும் கரியை வெளியே தள்ளிக் கொண்டுபோகும் ஒருவனுமாகச் சிலரே கரி வெட்டும் முகப்பு ஒன்றைப் பொறுப்பேற்று, வெட்டுதல் முதல் தாங்கு கட்டைகள் நிறுத்துதல் வரை எல்லாவற்றையும் தாங்களே செய்து, கூலியையும் பொதுவில் பகிர்ந்துகொண்டார்கள். துணைவனைத் தெரிந்தெடுக்கும் உரிமை அவர்களுடையதே. கூட்டாளி மாண்டால் அவன் குடும்பத்தைப் பேணுவதும் அவர்களிடையே அபூர்வமன்று. யந்திரம் வந்தபின் முகப்பு 180 முதல் 200 கெஜம் வரை நீண்டது. ஏறத்தாழ நாற்பது பேர் மூன்று முறைகளாக (ஷிப்டுகளாக)ப் பிரிந்து, முதல் முறையினர் துளையிட்டுக் கீழறுக்க, இரண்டாம் முறையினர் கரி செல்லும் பட்டையைக் கழற்றி முன்னே நகர்த்தி மாட்ட, மூன்றாம் முறையினர் கரியை வாரிப் போட்டார்கள்.

இந்த மூன்றாம் முறையானின் நிலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்க இயலாத இருளில், தனக்கென அளந்துவிட்ட சில கெஜ நீளத்துக்குள் அவன் தனியே மண்டியிட்டு வேலை செய்கிறான். முந்தியவர்கள் அரைகுறையாக அறுத்துச் சென்றிருந்தாலும், கூரை சிதைந்திருந்தாலும், அவற்றின் பலனெல்லாம் அவன் தலையிலேயே விடிகிறது. நொந்துகொள்ளவோ எதிரில் ஆளில்லை, அறுத்தவன் வீட்டில் உறங்குகிறான். ஆகவே ஒரு முறையார் மற்றொரு முறையாரைத் தூற்றுவதும், மெதுவாக வேலை செய்வதும், இடையிடையே வராமல் நின்றுகொள்வதும், சோம்பலின் லக்ஷணங்களல்ல, அவ்வேலையமைப்பே ஈன்ற குழந்தைகள் என்று அவ்விருவரும் நிரூபித்தார்கள். தென் யார்க்ஷயரின் ஹெய்மூர் நிலக்கரிப் படிவத்தில் சுரங்கத் தொழிலாளரே புதிய யந்திரங்களை வைத்துக்கொண்டு பழைய குழுப் பொறுப்பை மீட்டிருந்தமை, கெட்டது யந்திரத்தால் அன்று என்பதற்குப் பிரத்தியக்ஷ சாக்ஷியாயிற்று. சூழலோடு ஓயாது கொள்வினை கொடுப்பினை செய்யும் உயிரியைப் பற்றி உயிரியல் அறிஞர் பெர்டலான்ஃபி வகுத்த திறந்த அமைப்புக் கொள்கையையும் டாவிஸ்டாக் அறிஞர்கள் தழுவிக்கொண்டார்கள்.

பகுதிகளைப் பிரிக்காமல் முழுமையை நோக்கும் இச்சிந்தனை அமெரிக்காவில் கணித உருவம் பெற்றது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் கென்டக்கித் தொழிற்சாலையில் சில காலம் ஆட்கள் இரவும் பகலும் உழைப்பதும், பிறகு பாதிப்பேர் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் ஏன் என்ற வினாவை ஜே ஃபாரஸ்டர் என்னும் அறிஞர் பென்சிலும் காகிதமுமாகக் கணக்கிட்டு, சந்தையைப் பழிக்க வேண்டியதில்லை, ஆளெடுப்பு, சரக்கிருப்பு பற்றிய கம்பெனியின் சொந்த விதிகளே அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணமாகப் போதும் என்று காட்டினார். 1961-இல் வெளியான அவர் நூல் ஆலைகளைப் பற்றியது. 1969-இல் வெளியானது நகரங்களைப் பற்றியது. மலிவு வீடுகள் கட்டுவது நகரத்தின் சீரழிவை வளர்க்கும் என்று அவர் முடிவு கட்டியது பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கண்டனத்தில் நியாயமும் இருந்தது. நகரம் யாருக்காக, எதற்காக என்பதைக் கணக்கு தானாகச் சொல்வதில்லை அல்லவா?

அந்த இடைவெளியில்தான் பீட்டர் செக்லண்டின் பணி பொருந்துகிறது. ரசாயனத் தொழிலை விட்டு 1969-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் சேர்ந்த அவர், லக்ஷியம் இன்னதென முதலில் நிர்ணயித்துக்கொள்ளும் என்ஜினீயர் முறையை மனித விவகாரங்களில் பிரயோகித்துப் பார்த்தபோது, லக்ஷியத்திலேயே மனிதர்கள் மாறுபட்டு நிற்பதைக் கண்டார். 1981-இல் வெளியான அவர் நூலுக்குப் பின், அமைப்பு என்பது உலகில் கிடக்கும் வஸ்துவாக இல்லாமல், விசாரிப்பவன் கையிலுள்ள கண்ணாடி என்ற கருத்து வேரூன்றியது. சிறைச்சாலையை எடுத்துக்கொள்வோம். அது குற்றவாளியைத் தண்டிக்கும் அமைப்பு, திருத்தும் அமைப்பு, சில்லறைத் திருடன் தேர்ந்த திருடனிடம் தொழில் பயிலும் பாடசாலையும் கூட. இவற்றுள் எது மெய் என்று தீர்ப்பளிப்பது செக்லண்டின் முறையன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே வகுத்து, நடப்போடு ஒப்பிட்டு, சம்பந்தப்பட்டோர் முன் வைத்து, ஒருமித்த கருத்து இல்லாமலே அவர்கள் எந்த மாற்றத்தைச் சகித்துக்கொள்ளக்கூடும் என்று விசாரிப்பதே அம்முறை.