பெயரில்லாத பனிக்கட்டிக்காரர்

ரொறன்ரோவின் கிழக்கெல்லையில் உள்ள ரூஜ் பகுதியிலிருந்து பேசுகிறேன். இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும்: இலையுதிர்கால விடியலில் வெப்பமானி 2 பாகை காட்டும். ஆனாலும் வெட்டவெளியில் விட்ட காரின் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கும். மரத்தடியில் நின்ற கார் தப்பிவிடும். காரணத்தைத் தேடிப் போனால் பழைய அலகாபாத்துக்கு வந்து சேர்வோம்.

1775-இல் சேர் ராபர்ட் பார்க்கர் என்ற தளபதி, லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். குளத்து நீர் ஒருபோதும் உறையாத அலகாபாத்தில் பனிக்கட்டி செய்யும் முறை பற்றியது அது. சுமார் 2 அடி ஆழக் குழி. அதில் கனமாகப் பரப்பிய காய்ந்த கரும்புத்தட்டை அல்லது சோளத்தட்டை. மேலே வரிசையாக ஆழமில்லாத மண்சட்டிகள். மாலையில் கொதித்தாறிய நீரை ஊற்றினால், மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் விடியுமுன் மெல்லிய பனி படிந்திருக்கும்.

ஆவியாதலே காரணம் என்று பலர் நினைத்தார்கள். 1814-இல் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் பனித்துளி பற்றிய தன் நூலில் வேறு விளக்கம் தந்தார்: எல்லாப் பொருளும் இரவு வானை நோக்கி வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. தெளிந்த வானம் திருப்பித் தருவது குறைவு. ஆகவே பொருள் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. மேகமோ மரக்கிளையோ மறைத்தால், அது தன் வெப்பத்தைத் திருப்பி வீசும். இந்தக் கதிர்வீச்சின் அளவு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று 1879-இல் ஸ்டெஃபான் கண்டார்.

வெப்பம் செல்லும் வழிகள் மூன்று என்று பள்ளியில் படித்தோம். இரண்டாவதை நம்மில் சிலர் மேற்காவுகை என்றும் சிலர் வெப்பச்சலனம் என்றும் படித்திருப்போம். அந்தக் குழியைப் பாருங்கள். தட்டை, நிலத்தின் வெப்பம் கடத்தப்படுவதைத் தடுக்கிறது. பள்ளம், காற்றை அடக்குகிறது. வானம் மட்டும் திறந்திருக்கிறது. கதிர்வீச்சு என்ற சொல் இல்லாமலே, அதற்கு மட்டும் வழிவிட்ட அமைப்பு அது.

1833-இல் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடரின் ஏரிப் பனிக்கட்டி கப்பலில் கல்கத்தா வந்தது. சென்னையில் அவருடைய கிடங்கு 1842-இல் எழுந்தது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் அது இன்று விவேகானந்தர் இல்லம். ஆனாலும் ஊர்வாயில் அந்தப் பகுதி இன்னமும் ஐஸ் ஹவுஸ்தான்.

டியூடருக்குக் கட்டடம் மிஞ்சியது, வெல்ஸுக்கு நூல் மிஞ்சியது. கோடைக்கு வேண்டிய பனிக்கட்டியைத் தன் பனிக்கட்டிக்காரரே குளிர்காலத்தில் செய்து தந்தார் என்கிறார் பார்க்கர்; அவர் பெயரைச் சொல்லவில்லை. வெல்ஸின் பெருமையைக் குறைக்க நான் இதைச் சொல்லவில்லை. ‘ஏன்’ என்பதைச் சொன்னவர் அவர். ‘எப்படி’ என்பதை இரவு இரவாகப் பார்த்துக் கற்றவர்களையும் அறிவியல் வரலாற்றில் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.